லேசர் லேசானதல்ல

ஊசிக்கும் நூலுக்கும் உறவு சொல்லும் மேலப்பாளையம் மகளிர் தையல் சங்கத்தின் தலைவி, இந்த ஆண்டுவிழாவின் அச்சாணி ஜமீலா பீவி அவர்களே! வாசலோரம் ஒதுங்கி நின்றாலும் எங்கள் கண்ணுக்குத் தப்பாத அண்ணாச்சிமார்களே! கிழிந்ததைத் தைத்து, தைத்ததால் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்களே, தங்கைகளே! வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பிறரை வாய் திறக்கச் சொல்லிப் பழகிய பல் மருத்துவர் நான். என் வாயைத் திறக்கத்தான் தயக்கம்.

வெட்டிய முடி வளரும். கடித்த நகம் வளரும். தேய்ந்த பற்சிப்பி வளருமா? வளராது! பல்லை மூடிக் காக்கும் அந்த எனாமலைவிட உறுதியானது உடம்பில் வேறில்லை. அந்த உறுதியையும் அறுப்பது எது? அரமா? இரும்பா? இல்லை, அம்மா, இல்லை! தினமும் நீங்கள் பல்லால் கடித்து அறுக்கும் நூல்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். யார் யார் கடிக்கிறீர்கள் என்று இங்கிருந்தே தெரிகிறது!

உங்கள் சங்கத்துச் சபீதா அக்கா போன ஆண்டு இங்குள்ள என் மருத்துவமனைக்கு வந்தார். முன்பல்லில் நூல் அறுத்த பள்ளம். தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை கூச்சம். பிடுங்கிவிடலாம் என்று வேறோர் இடத்தில் சொல்லிவிட்டார்களாம். நான் சென்னையில் பல்லில் லேசர் ஒளி பாய்ச்சி ஆராய்வதைக் கேள்விப்பட்டு, என்னையே கடைசி நம்பிக்கையாக்கி வந்திருந்தார்.

"டாக்டரம்மா, அங்கன பல்ல லேசா சுடுவியளாம்லா? கெட்டியாயிருமாமே. நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் எடுத்துட்டேன்."

"அக்கா, லேசா இல்ல, லேசர்."

"என்னமோ ஒண்ணு. பைய வைங்க, போதும்."

லேசரா லேசானது? அளவோடு பாய்ந்தால் பற்சிப்பியின் மேற்பரப்பு உருகி, இறுகி, புளிப்பை எதிர்த்து நிற்கும். அளவு மிஞ்சினால் வற்றிய குளத்து வண்டலாய் வெடிக்கும். சூடு உள்ளிறங்கினால் நரம்பே சாகும். அந்த அளவைத்தான் தேடுகிறோம், பிடுங்கிய பற்களில் மட்டும். சொன்னேன். சீறினார்.

"நல்ல கதையா இருக்கே! பிடுங்குன பல்லுக்கு வைத்தியம் பாக்குதிய, வாயில இருக்குத பல்ல விட்டுருதியளாக்கும்!"

அவர் கண் கலங்கியபோது, சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. ஆனால் தெரியாத அளவை நம்பி, தெரிந்த முகத்தில் நெருப்பு வைப்பேனா? "மாட்டேன் அக்கா" என்றேன். பள்ளத்தை அடைத்துக் கொடுத்து, இனிமேல் கத்தரி என்றேன். கோபமாகத்தான் போனார். பல் நின்றதா? அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார், கேளுங்கள்!

"நிக்கு டாக்டரம்மா! கத்தரியத் தேடித்தான் நேரம் போவுது!"

கேட்டீர்களா? கதை அதோடு முடியவில்லை. மாதம் ஒன்று கழித்துத் திரும்பி வந்தார், கையில் ஒரு பவுடர் டப்பா. தெருவெல்லாம் கேட்டு வாங்கிய பற்கள். பிள்ளைகள் கூரைமேல் எறியவிருந்த பால்பற்கள். "உங்க ஆராய்ச்சிக்கு" என்றார். அன்பு மிகுதியில் சாம்பல் போட்டு விளக்கி, மொட்டை வெயிலில் காயவும் வைத்திருந்தார்! காய்ந்ததில் அத்தனையும் வெடித்திருந்தன. ஒன்றுகூட ஆய்வுக்கு ஆகவில்லை. ஆனால், என் படிப்புக்கு இதைவிடப் பெரிய பரிசு எவர் தந்தார்?

ஆகவே தாய்மார்களே, கேட்கிறேன். விழுந்த பல்லைக் கூரைமேல் எறியாதீர்கள், விளக்காதீர்கள், காயவைக்காதீர்கள். கழுவி, உப்புநீர்க் குப்பியில் இட்டு, ஈரம் காயாமல் என்னிடம் தாருங்கள். நீங்கள் இழந்த பல்தான், பிறர் இழக்கக் கூடாத பல்லுக்கு அளவு சொல்லும். அந்த அளவு கிடைக்கும் நாளில், மாட்டேன் என்ற இதே வாய், இன்னொரு சபீதாவிடம் "உட்காருங்கள் அக்கா" என்று சொல்லும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டுச் சிரிப்பெல்லாம் நீடூழி நிலைக்கட்டும். வணக்கம்.