ஒரு பல்லும் இல்லாத வட்டம்

விழுப்புரத்து வெயிலைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் எல்லாம் அதைத் திட்டுகிறார்கள். வெயில் இல்லாத ஊரில் என் வண்டிக்கு வேலை இல்லை என்பதால் எனக்குத் திட்ட வாய் வருவதில்லை.

முருகையன் இறந்ததைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. வாயால் சொன்னால் ஏட்டு அவசரப்படுத்துகிறார். அதனால்தான் காகிதம் கேட்டேன். எழுதினால் வரிசையாகச் சொல்லலாம்.

என் பெயர் மாசிலாமணி, ஊர் கெடார். 1993-இல் லைசென்ஸ் எடுத்தேன். ஆறேழு வருஷம் மல்லாட்டை மூட்டை, செங்கல், கரும்பு என்று கிடைத்ததை ஏற்றினேன். அதில் ஒரு குறை. மூட்டை கிழிந்தாலும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, கிழியாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் கேட்பதில்லை. பிறகு கண்டமங்கலம் சாலையில் இருக்கும் இறால் கம்பெனியில் ரீபர் வண்டிக்கு ஆள் எடுத்தார்கள். ரீபர் என்றால் முதுகில் குளிர்பெட்டி வைத்த லாரி. உறைய வைத்த இறாலை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மைனஸ் பதினெட்டு டிகிரி குறையாமல் கூடாமல் சென்னைத் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். மே மாதத்தில் திண்டிவனத்தைத் தாண்டும்போது தார் இளகி டயரில் ஒட்டும். என் முதுகுக்கு மூன்றடி பின்னால் பனி பெய்கிற ஒரு தேசம் என்னோடு வந்துகொண்டிருக்கும். நான் பனியை நேரில் பார்த்தவன் அல்ல. ஆனாலும் அந்தத் தேசத்துக்கு நான் ஒருவன்தான் காவல் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவேன். அப்படி நினைத்தால் தூக்கம் வராது.

சார்ட்டைப் பற்றிச் சொல்லாமல் மற்றது விளங்காது. பெட்டியின் முன்பக்கம் ஒரு கருவி உண்டு. அதில் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் காகிதத்தை மாட்டுவார்கள். காகிதம் மெல்லச் சுற்றும். பேனா முள் ஒன்று உள்ளே இருக்கும் குளிரைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். குளிர் மாறாவிட்டால் கோடு வட்டமாக வரும். கதவைத் திறந்துவிட்டால் வெயில் உள்ளே ஏறி, கோடு வெளிப்பக்கம் ஒரு முறை துருத்திக்கொண்டு திரும்பும். அதை நாங்கள் பல்லு என்போம். “இன்னிக்கு எத்தினி பல்லு?” என்பதுதான் டிரைவர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் முறை. சிலருடைய சார்ட்டு ரம்பம் மாதிரி இருக்கும்.

என்னுடையதில் ஏழு வருஷமாக ஒரு பல்லும் இல்லை. மேனேஜர் அதில் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதலில் அதன் முன்னால்தான் நிறுத்துவார்கள். என்னிடம் யாரும் கேட்காமலே நான் சில ஏற்பாடுகள் செய்திருந்தேன். உதாரணமாக, பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர் தானே திறந்துகொள்வதற்குக் கதவில் ஒரு பிடி இருந்தது. அதைச் சுற்றிக் குளிர் கசிந்தது. நான் சொல்லி, அதை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்தார்கள். அது 2003-இல். அப்போது முருகையன் கம்பெனிக்கே வரவில்லை. ஆகவே அதை இதோடு சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முருகையன் மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கடலில் இருந்தவர், சுனாமியில் படகு போனதும் மனைவி அம்சவள்ளியோடு இங்கே வந்து லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் அதிகம். என் சார்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, “இன்னா மாசி, பொக்க வாய்க் கெய்வியாட்டம் கீது உன் சார்ட்டு. ஒரு பல்லாவது கட்டுய்யா, முறுக்காவது கடிக்கும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். கேப்பைக் கூழைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, சில்லென்று ஆகட்டும் என்று என் பெட்டிக்குள் வைப்பார். போன மாதம், ஏப்ரல் கடைசியில், ஒரு நாள் அதை எடுக்க மறந்துவிட்டார். லோடு முடிந்து, கதவு சாத்தி, சார்ட்டு ஓடத் தொடங்கிய பிறகு ஞாபகம் வந்து திறந்திருக்கிறார். நான் அப்போது கேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சட்டியை எடுத்தவர், திறந்த கதவில் சாய்ந்தபடியே வெங்காயம் கடித்துக் கூழைக் குடித்து முடித்திருக்கிறார். பன்னிரண்டு நிமிஷம். சார்ட்டில் என் கட்டைவிரல் நகம் உயரத்துக்கு ஒரு பல் வந்துவிட்டது.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டார். ஆணி அப்படியே இருந்தது.

மறுநாள் நான் டியூட்டிக்கு வந்தபோது லோடிங் மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முருகையன் என் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் தலையில் கொழுக்கட்டை கொட்டுவார்கள் இல்லையா, அதற்காக அம்சவள்ளியிடம் சொல்லி, கோலிக்குண்டு அளவில் ஒரு படி பல் கொழுக்கட்டை செய்து கொண்டுவந்திருந்தார். “எங்க மாசிக்கு ஏயு வருசம் கய்ச்சி பல்லு மொளச்சிக்கீது. எல்லாரும் வாங்கடா, ஜல்தி, புள்ள அயுவப் போவுது” என்று அதை என் தலைமேல் கொட்டினார். இருபது பேர் கைதட்டினார்கள். சீல் போடும் கிளார்க் ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நானும் சிரித்தேன். இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மடியில் விழுந்ததில் நாலைந்து எடுத்துத் தின்றேன். தேங்காய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மற்றபடி நன்றாகவே செய்திருந்தார்கள். சட்டைக் காலருக்குள் போன ஒன்றை வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடித்தேன். கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இடையில் மூன்று வாரம் போயிருக்கிறது. மூன்று வாரம் எவனாவது கோபமாக இருப்பானா?

மே 16, புதன்கிழமை. பதினொரு மணிக்கு லோடு முடிந்தது. பெட்டியின் முன்மூலையில் காற்று வரும் வழியை ஏதோ அட்டைப்பெட்டி அடைக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அடைத்தால் குளிர் சீராகப் பரவாது. முருகையனிடம் சொன்னேன். “உன்னோட பேஜாருய்யா” என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளின் மேல் தவழ்ந்து உள்ளே போனார். மற்ற ஆட்கள் டீக்குப் போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்தினேன். டயர் ஏறிவிடுமே என்று அவருடைய செருப்பை எடுத்துச் சுவரோரம் ஜோடியாக வைத்தேன். குளிர் இயந்திரத்தைப் போட்டேன். அதன் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ராஜசேகர் சீலோடு வந்து, “எல்லாம் முடிஞ்சிதாண்ணே?” என்றார். முடிந்தது என்றேன். சீல் போட்டு எண்ணை எழுதிக்கொண்டார்.

சீல் என்பது சாதாரண விஷயம் அல்ல, ஐயா. சரக்கை வாங்குகிறவன்தான் அதை உடைக்க வேண்டும். வழியில் உடைந்திருந்தால் சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பலாம். அத்தனை பேருடைய உழைப்பும் வீண். நான் விதிகளை ஏற்படுத்தியவன் அல்ல.

கூட்டேரிப்பட்டில், மயிலம் சாலை பிரியும் இடத்தில், குப்பம்மாள் கடையில் எப்போதும் டீ குடிப்பேன். கோயில் மலை இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வேண்டிய குளிர் வந்ததும் இயந்திரம் தானாகக் கொஞ்ச நேரம் ஓயும். அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது.

குப்பம்மாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “இன்னாண்ணே, உன் வண்டி உள்ள யாரோ தட்டுறாப்ல கீது?” என்றார்.

“ஐஸு வெடிக்குதும்மா.”

“ஐஸுக்குக் கூட கை மொளச்சிடுச்சா? அதுக்கும் ஒரு டீ போடட்டா?”

வேண்டாம் என்றேன்.

எங்கள் தொழிலில் வண்டியைத் தட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பின்னால் நிற்கும் ஆள் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டினால் ரைட், போகலாம். ரிவர்ஸ் எடுப்பது, பாலத்தடியில் நுழைவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். மேஸ்திரியான முருகையனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஏழு மாதம் முன்பு துறைமுகத்தில் என் வண்டி ஒரு கிரேனில் இடிக்காமல் தப்பியதே, அன்றைக்குக் கூட வந்திருந்த அவருடைய ஒரு தட்டால்தான்.

நான் டீயைக் குடித்தபடி கவனமாகக் கேட்டேன். ஒரு தட்டு வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. ஒன்றும் ஒன்றும் இரண்டு. வண்டியை எடுத்தேன்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தால் வண்டிகள் நின்றுபோயின. நாதஸ்வரமும் இயந்திரமும் ஓய்ந்த நேரத்தில் பின்னால் ஒரு தட்டுக் கேட்டது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன், வரவில்லை. இது சந்தேகம் இல்லாமல் ஒரு தட்டு. ஆகவே வழி கிடைத்ததும் ஒரு வேப்பமர நிழலில் ஓரம்கட்டி நிறுத்தினேன். இறங்கிப் போய் டயர்களைப் பார்த்தேன். சீலைப் பார்த்தேன். சார்ட்டைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பத்து நிமிஷம் நின்றேன். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். கதவைத் திற என்று சொல்வதற்கு எங்கள் முறையில் தட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஏட்டு கேட்டார். இல்லாததைப் பற்றி நான் எப்படிச் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை.

மதுராந்தகம் தாண்டியதும் மேனேஜர் செல்லில் கூப்பிட்டார். “மாசிலாமணி, முருகையனைக் காணோம். அவன் பொண்டாட்டி சாப்பாடு எடுத்துக்கினு வந்து நிக்குது. உன்கூட ஏறிக்கினு வந்துட்டானா?” கேபினில் நான் மட்டும்தான் இருக்கிறேன் சார் என்றேன். அது உண்மை. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று என்று நீங்கள் சொல்லலாம். போனில் சிக்னல் சரியில்லை.

துறைமுகத்தில் நாலு மணிக்குச் சீலை உடைத்தார்கள். முருகையன் கதவை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சரக்கில் எந்தக் குறையும் இல்லை. அங்கிருந்தவர் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்த பெட்டியில் கூட மைனஸ் பதினெட்டுதான் இருந்தது. ஆனாலும் ஆறு டன் இறாலையும் அழித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது வருத்தமான விஷயம். அதில் ஒரு பெட்டி கூட இளகவில்லை.

சார்ட்டு உங்கள் மேஜையில் ஃபைலுக்குள் இருப்பதைப் பார்த்தேன். உயிரோடு ஒரு மனிதர் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார். பேனா முள் ஒரு மயிரிழை கூட அசையவில்லை. என் சர்வீசில் அதைவிடச் சுத்தமான வட்டம் வந்ததில்லை. ஃபைல் சின்னது என்று ஏட்டு அதை நாலாக மடித்து வைத்திருக்கிறார். மடித்தால் மடிப்பில் கிழியும்.

நேற்று என்னை வேனில் ஏற்றும்போது அம்சவள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். திட்டவில்லை, அழவும் இல்லை. “அண்ணே, தெரியாமதானே சாத்திட்டீங்க? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் ஊருக்குப் போயிடறேன்” என்றார். நான் பதில் சொல்வதற்குள் வேன் கதவை மூடிவிட்டார்கள். வக்கீல் என்னிடம், தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்கிறார். அம்சவள்ளிக்கும் அந்த வரிதான் வேண்டும் போலிருக்கிறது. கைவேலை தெரிந்த பெண், பிழைத்துக்கொள்வார்.

ஆனால் தெரியாமல் சாத்தினான் என்று எழுதினால், கவனம் இல்லாத டிரைவர் என்று ஆகிவிடும். நாளைக்குக் கம்பெனியில் புது ஆட்களிடம் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். பதினாலு வருஷ சர்வீசில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

ஆகவே உள்ளதை எழுதிவிடுகிறேன். இடது கதவைச் சாத்திவிட்டு வலது கதவை இழுத்தபோது வெளிச்சம் குறைவதைப் பார்த்து முருகையன் பெட்டிகளின் மேல் இருந்து திரும்பினார். விளையாட்டு என்று நினைத்தார் போல, சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

“யோவ் மாசி, நான் உள்ள கீறேன்யா” என்றார்.

“தெரியும்” என்றேன்.