சொந்தக் கையால் கட்டிய வேன்

வெளியே உங்கள் ஸ்டேஷன் வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளை ஜீப் இருக்கிறதே, அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே வரும்போதுதான் அது திரும்பி நின்றது. வலது பக்கத்து முன்சக்கரத்தில் பேரிங் போகப்போகிறது, சத்தத்திலேயே தெரிகிறது. சீக்கிரம் மாற்றச் சொல்லுங்கள் மேடம். நெடுஞ்சாலையில் போகும்போது பிடித்துக்கொண்டால் ஆபத்து. என் காதுக்கு வேறு வேலை தெரியாது, எங்கே போனாலும் இதைத்தான் பார்க்கும்.

என் பெயர் வெர்லின் ஸ்ட்ரவுட். ஃபான்டானாவில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வேன்களைப் புதிதாகக் கட்டித் தருவதுதான் தொழில். வெளியே பார்த்தால் தாத்தா காலத்து முகம், உள்ளே நேற்றுப் பிறந்த உடம்பு. டாய்ல் ஹாட்சர் மலைப்பாதையில் செத்துப்போனது விபத்து என்று நீங்கள் வழக்கை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திறந்துவிடத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்துகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிற என் வக்கீல் பெரல்டா மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருக்கிறார். அதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

டாய்ல் நல்ல மனிதர்தான். ஊரார் வீட்டுப் பின்புறத்தில் நீச்சல் குளம் தோண்டிக் கொடுத்துச் சம்பாதித்தவர். பணத்தில் எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை, கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். பார்ஸ்டோ பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில் கிடந்த வேனைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். அறுபத்தைந்தாம் வருஷத்து வண்டி, மூக்கே இல்லாத தட்டை முகம். அந்த மாதிரி வேனில் இன்ஜின் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். ஓட்டுகிறவர் அதன் பக்கத்திலேயே முழங்கை வைத்துக்கொண்டு போக வேண்டும்.

பழைய இன்ஜின் நூறு குதிரை சக்திக்கும் குறைவு. நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நானூற்றைம்பது குதிரை இழுக்கிற எட்டு சிலிண்டர் புது இன்ஜினை அதே பொந்தில் உட்கார வைத்தேன். இன்ஜினுக்கு இடம் போதாது, மூடியும் பழைய மூடியாகவே இருக்க வேண்டும். தரையை அறுத்து, வண்டியின் அடிச்சட்டத்தைப் புதிதாகக் கட்டி, வெல்டிங் தழும்பு தெரியாமல் இழைத்து, ஆறு கியர், ஏசி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்று எல்லாவற்றையும் உள்ளே ஒளித்தேன். இரண்டு வருஷம் ஓடிப்போனது. அந்த இரண்டு வருஷமும் டாய்ல் சனிக்கிழமைதோறும் வருவார். பெயர் தைத்த மெக்கானிக் சட்டை ஒன்று வாங்கியிருந்தார். அதில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டு ஸ்பேனரோடு நிற்பார், அவர் மனைவி கோரின் படம் எடுப்பாள். மொத்த வண்டியில் அவர் முடுக்கியது ஒரே ஒரு போல்ட். அதிலும் மறையைக் கெடுத்துவிட்டார், நான் கழற்றி வேறு போட்டேன்.

கோரினைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். வரும்போதெல்லாம் எலுமிச்சைக் கேக் கொண்டுவருவாள். "நீங்க சாப்பிட்டுட்டு வேலையப் பாருங்க வெர்லின், வண்டி எங்கயும் ஓடிடாது" என்பாள்.

எங்கள் கூட்டத்தில் சாதி இரண்டே இரண்டு மேடம். கட்டியவன், வாங்கியவன். கண்காட்சியில் ஒவ்வொரு வேனுக்கு முன்னாலும் ஒரு பலகை வைப்பார்கள், கட்டியவர் யார் என்று அதில் இருக்கும். ஆளை வைத்துக் கட்டியவர்கள் அந்த ஆளின் பெயரைப் போடுவார்கள். யாரும் சட்டம் போடவில்லை, அது ஒரு மரியாதை. முதல் கண்காட்சிக்கு நான் ஆசை ஆசையாகப் போனேன், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. பலகையில் "கட்டியவர்: டாய்ல் ஹாட்சர், சொந்தக் கையால்" என்று இருந்தது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டாய்ல், பலகையில என் பேரு விட்டுப்போச்சு போலிருக்கே."

"அட, நீ ஒருத்தன்ப்பா. யோசனை பூரா என்னோடது. நீ கைவேலை பாத்தே, நான் இல்லேங்கல. கல்யாணப் பத்திரிகையில சமையக்காரன் பேரையா போடுறாங்க?"

முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு முதல் கோப்பை அவருக்குத்தான். மேடையேறி, வெல்டிங் செய்யும்போது பட்ட காயம் என்று கையைத் தூக்கிக் காட்டினார். அது பின்கட்டில் கறி வாட்டும்போது சுட்டுக்கொண்டது, கோரினே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாவிட்டால் பொறாமை என்பார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். வேன் கட்ட நினைத்தவர்கள் எல்லாம் டாய்லிடம் யோசனை கேட்கப் போனார்கள். ஒருத்தர் என் பட்டறைக்கே வந்து, "நீங்கதானே டாய்லோட கையாளு? அவரு ரொம்ப பிஸியாம், சின்ன வேலைன்னா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்றார். அவருக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தேன். இந்த ஊரில் எனக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி எதுவும் கிடையாது. இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு குளம் தோண்டுகிறவர் சட்டையில் தைத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போது பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். பழைய டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டும். அதற்காக, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் குழாய்க்கு ஒன்றாகப் பட்டாணி அளவில் வால்வு இருக்கும். டிஸ்க் பிரேக் போடும்போது அதை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் பிரேக் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். டவுனுக்குள் ஓட்டினால் சக்கரம் சுடும், அவ்வளவுதான். நீளமான இறக்கத்தில் பிரேக் ஆயில் கொதித்துவிடும். அப்புறம் பெடலை மிதித்தால் கூழில் கால் வைத்தது போல் தரை வரை போகும். புதிதாக வேலை கற்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்து, புகையோடு வீடு திரும்பிக் கேலிக்கு ஆளாவார்கள்.

நான் வேனைக் கட்டும்போதே அந்த வால்வுகளை எடுத்துவிட்டேன். இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலை மேல் ஏரிக்கரையில் நடக்கிற கண்காட்சிக்கு முன்னால் ஆயில் மாற்ற டாய்ல் வண்டியை விட்டுவிட்டுப் போனார். அப்போது திரும்பப் போட்டேன்.

நான் அதைக் கொலை என்று நினைக்கவில்லை. பரீட்சை என்றுதான் நினைத்தேன். பிரேக்கில் கைவைத்த எவனும் வண்டியை விட்டு இறங்கினால் முதலில் குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பான். யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாகக் கை போகும். டாய்ல் அந்த வேனைக் கட்டியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். கட்டாதவர்தான் மாட்டிக்கொள்வார். இதைவிட நியாயமான பரீட்சை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அவர் மலைக்கு வேனை ஓட்டிக்கொண்டு வரவில்லை. டிரெய்லரில் ஏற்றிப் போர்த்திக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களுக்கு அதைவிட இளக்காரமான காரியம் கிடையாது. மத்தியானம் எல்லாரும் சாண்ட்விச்சும் கையுமாக நின்றபோது, "கட்டுனவரு ஓட்ட பயப்படுறாரே, ஏன்?" என்று மெதுவாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மீதியை எங்கள் வேன் சங்கத் தலைவர் லானி பார்த்துக்கொண்டார். லானிக்கு உடம்பும் பெரிசு, வாயும் பெரிசு.

"என்ன டாய்ல், பொம்மைய வண்டியில ஏத்தி ஊர்வலம் வர்றியா? அதுக்கு எதுக்குய்யா நானூத்தம்பது குதிரை? உன் டிரெய்லருக்குத்தான் கோப்பை குடுக்கணும்."

சிரிப்பு அடங்கவில்லை. டாய்லுக்கு முகம் சிவந்துவிட்டது. வேனை இறக்கி, ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். நிறுத்தியபோது கருகிய வாடை எனக்கு நன்றாகவே அடித்தது. லானிகூட மூக்கைச் சுளித்தார்.

"அது ஒண்ணுமில்ல, புது பிரேக்கு. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வாடை வரும்" என்றார் டாய்ல்.

நான் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். சாட்சி வேண்டுமானால் லானியைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

"சக்கரத்தத் தொட்டுப் பாத்தியா டாய்ல்?"

"நான் கட்டுன வண்டிய எனக்கே சொல்லித் தர்றியா? போய் உன் ஆயில் டப்பாவக் கழுவுப்பா."

அதற்கும் சிரித்தார்கள். விடை எழுத இரண்டாவது தடவையும் வாய்ப்புக் கொடுத்தேன், அவர் எழுதவில்லை. சாயங்காலம் அந்த வேனிலேயே கீழே இறங்கப் போவதாக அறிவித்துவிட்டார். கோரின் பக்கத்து இருக்கையில் ஏறினாள். அவள் வருவாள் என்று தெரியுமா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். சீட் பெல்ட் அவளுக்கு எப்போதும் சிக்கும், அதனால் நானே இழுத்து மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினேன். "கேக் டப்பா உங்க வண்டியில இருக்கு, மறந்துடாதீங்க வெர்லின்" என்றாள்.

காலி டிரெய்லரை இழுத்துவர ஆள் வேண்டும் என்று லானி கேட்டார். நான் வருகிறேன் என்றேன். பாதி மலை இறங்கியதும் உங்கள் ஆட்கள் விளக்கு வைத்து வழியை மறித்திருந்தார்கள். வேன் பாறையில் முகத்தைக் கொடுத்திருந்தது. டாய்ல் உள்ளேயே போய்விட்டார். கோரினுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது, இன்னும் நடக்கவில்லை. ஆனால் பிழைத்தாள் பாருங்கள், அது நான் போட்ட பெல்ட். அந்தக் காலத்து வேனில் பெல்ட்டே வராது. நான்தான் சட்டத்தோடு சேர்த்துத் தாங்கல் வைத்துப் போட்டேன். அதைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உங்கள் அறிக்கையும் சொல்லவில்லை.

உங்கள் நிபுணர் வால்வுகளைக் கண்டுபிடித்தார். வண்டியைக் கட்டியவர் டாய்ல், ஆகையால் தப்பும் டாய்லுடையது என்று முடித்துவிட்டார். என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெல்ட் மாட்டிவிட்டவனைக்கூட விசாரிக்காமல் விட்டால் என்ன போலீஸ் மேடம் இது? சரி, போகட்டும். வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீட்டுக்குள் கிடந்திருப்பார்கள். நானும் கொஞ்ச நாள் கிடந்து பார்த்தேன்.

அப்புறம் லானி வந்தார். இனிமேல் வருஷாவருஷம் டாய்ல் ஹாட்சர் நினைவுக் கோப்பை கொடுக்கப்போகிறார்களாம், சொந்தக் கையால் வண்டி கட்டுகிறவர்களுக்கு. நொறுங்கிய வேனையும் சரிசெய்து சங்கக் கட்டடத்தில் நிறுத்தப்போகிறார்களாம். அந்த வேலையை என்னிடம் கொடுக்க வந்திருந்தார். ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார்.

"பிரேக்குல கோட்டை விட்டுட்டான், பாவம். மத்தபடி டாய்ல் கை மாதிரி வருமா? அவன் அளவுக்கு உன்னால முடியாதுதான் வெர்லின். முடிஞ்ச வரைக்கும் பண்ணு."

மறுநாள் காலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு வக்கீலைப் பார்க்கப் போனேன்.

பெரல்டா கெட்டிக்காரர். வரும் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார். "வெர்லின், வண்டியக் கட்டுனது நீதான்னு சொல்லிக்கோ, ஆசை தீர சொல்லிக்கோ. வால்வு மட்டும் கைத்தவறிப் போச்சுன்னு சொல்லு. வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, மறந்துட்டேன். கவனக்குறைவுன்னு போட்டு சீக்கிரமே வெளிய விட்டுருவாங்க. வேணும்னு செஞ்சேன்னு சொன்னா, செத்தாலும் வெளிய வர முடியாது." நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்துவிட்டேன் மேடம். பெரல்டா, காலை எடுங்கள். நான் மறக்கவில்லை, கை தவறவும் இல்லை, கண் நன்றாகவே தெரிகிறது. போட வேண்டும் என்று நினைத்து, எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டேன். எந்த இறக்கத்தில் கொதிக்க வேண்டுமோ அந்த இறக்கத்தில்தான் கொதித்தது. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த வண்டியில் தப்பான வேலை ஒன்றுகூடக் கிடையாது.