சரக்கில் இருந்த குறை

எங்கள் கடையில் பான் போட்டுத் துப்ப அனுமதி இல்லை. தேஹு ரோடு ஸ்டேஷன் பக்கம் இவ்வளவு சுத்தமான மொபைல் கடையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வாக்குமூலத்தை மராத்தியில் எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு அது பேச்சுக்கு மட்டும்தான் வரும். செய்யாறு பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக்கொடுத்தது தமிழ்தான். ஆகவே தமிழில், முதலில் நடந்ததை முதலில் வைத்து எழுதுகிறேன்.

சிம் வாங்க வருகிறவர்களின் பெயர், நம்பர், ஆதாரில் உள்ள விலாசம், இவற்றை வெளியே விற்றேன். மறுக்கவில்லை. லோன் கம்பெனி, முடி வளர்க்கும் எண்ணெய், ஷீரடி டூர் என்று யார் கேட்டாலும் கொடுத்தேன். இதனால் யார் கெட்டுப்போனார்கள்? ரிட்டயரான பாலச்சந்திரன் சாருக்குப் பெற்ற பிள்ளைகள் போன் செய்வதில்லை. லோன் கம்பெனிப் பெண் தினமும் செய்கிறாள். "அவ ஒருத்திதான்யா என்னை இன்னும் சார்னு கூப்புடறா" என்று அவரே என்னிடம் சந்தோஷப்பட்டார்.

ஸ்டெல்லா வந்தது மழைக்காலத்தில். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். விலகிய இடத்தில் கன்றிப்போயிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. வாடிக்கையாளரின் சொந்த விஷயம். நாலு ஹிந்திக்காரன் கடையைத் தாண்டி என்னிடம் வந்தாள், நம்ம ஆள் என்று.

"ணா, இந்தப் புது நம்பரு யாருக்கும் போவாதில்ல?"

"பேங்க் லாக்கர் மாதிரிம்மா. பக்கா."

கொஞ்ச நாளில் அவள் புருஷன் வந்தான். அருண்ராஜ், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஓடிப்போனவளின் நம்பரும் விலாசமும் வேண்டும் என்றான். தெரிந்த பையன் என்பதற்காக நான் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சும்மா கொடுத்தால்தான் துரோகம். விற்றால் வியாபாரம்.

மறுநாளே திரும்பி வந்து நின்றான்.

"அரே ணா, இன்னா சரக்கு குடுத்துகீற? இது என் வூட்டு அட்ரஸு. அங்க நான்தான் குந்திகினு கீறேன். போன் போட்டா எடுக்கவே மாட்றா."

அவன் சொன்னது நியாயம். கல்யாணமானதும் ஆதாரில் புருஷன் வீட்டு விலாசத்தை ஏற்றிவிடுவது நம் பெண்களின் வழக்கம். உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் அதைத் திருத்திக்கொண்டா ஓடுவாள்? ஆனால் குறையுள்ள சரக்கைத் தலையில் கட்டி அனுப்புகிற ஆள் நான் இல்லை. அவன் எதிரிலேயே அவளைக் கூப்பிட்டேன். என் நம்பரைப் பார்த்ததும் எடுத்தாள்.

"விலாசம் பழசா இருக்குதும்மா. இப்ப தங்கியிருக்கிற இடத்தைச் சொல்லலன்னா சிம் கட்டாயிடும்."

"அய்யோ, கட்டாவக் கூடாதுணா. வேல செய்ற ஹோட்டல்ல இந்த நம்பரத்தான் குடுத்துகீறேன்."

விமான் நகர் ஹாஸ்டல், தெரு, மாடி எல்லாம் சொன்னாள். பிறகு, நான் கேட்காமலேயே, "யாராச்சும் செக் பண்ண வந்தா சாயங்காலமா அனுப்புணா. பகல்ல டூட்டி" என்றாள்.

"சரிம்மா. சாயங்காலமே அனுப்பறேன்."

சொன்ன சொல் தவறவில்லை.

அன்று சாயங்காலம் அங்கே புறப்படும் முன் அருண்ராஜ் ரீசார்ஜ் செய்ய மறுபடி வந்தான். கையில் ஒரு பாட்டில். மூடி சரியாகத் திருகவில்லை. கவுண்டரில் ஒரு சொட்டு விழுந்த இடத்தில் பெயின்ட் பொரிந்து எழும்பியது. புதுப் பெயின்ட். "சிந்தப் போவுது, பார்த்து" என்று மூடியை நானே இறுக்கி, ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். கடைப் பெயர் அச்சடித்த பை. அதை வைத்துத்தான் நீங்கள் என் கடையைக் கண்டுபிடித்தீர்கள். விளம்பரம் இப்படியும் வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

உள்ளே இருந்தது என்னவென்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். யாருக்கு என்பதும் தெரியும். ஸ்டெல்லாவுக்கு ஒரு கண்ணாவது பிழைத்தது என்று கான்ஸ்டபிள் சொன்னார். நல்லது. மெசேஜ் படிக்க ஒரு கண் போதும்.

நான் இங்கே இருப்பதை வீட்டுக்குத் தெரிவிக்க என் மகள் மீனுவின் நம்பரை எழுதச் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும், அதை மட்டும் எழுத மாட்டேன். வயசுப் பெண்ணின் நம்பர், ஐயா. எவன் கைக்குப் போகுமோ.