சுவர் இல்லாத ரயில்

– கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொன்னேன்.

– இதுக்கு மேல தள்ளினா கதவுலதான் உக்காரணும். அதுவும் தானா மூடிக்கிற கதவு. பழைய வண்டி மாதிரி தொங்கிக்கிட்டு வரவும் வழியில்ல.

– அப்போ எந்திரிச்சு நில்லுங்க.

– ஏண்டி, கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ரயில்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம். இதுவரைக்கும் நீ லேடீஸ் பெட்டி, நான் பொதுப் பெட்டி, நடுவுல இரும்புச் சுவர். புது ரயில் விட்ட மகராசன் சுவரையும் எடுத்துட்டான், லேடீஸ் பெட்டியையும் எடுத்துட்டான். கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவனுக்கு ஏசி, ஆடாத சீட்டு, பக்கத்துல பெண்டாட்டி. என்னைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு.

– மெதுவாப் பேசுங்க. முதல் நாள், கூட்டத்துல யாரு கவனிக்கப் போறாங்கன்னு நினைச்சு உங்ககூட ஏறினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இந்த மூலையில உக்காந்தா அந்த மூலை வரைக்கும் தெரியுது! இது ரயிலா, குழாயா?

– அதானே அழகு! வளைவுல பாரு, மொத்த வண்டியும் நம்ம கண்ணு முன்னாடியே நெளியுது.

– ஐயோ, வர்றாங்க.

– யாரு?

– டீச்சர். எங்க லேடீஸ் பெட்டி டீச்சர். ஒவ்வொரு சீட்டா பாத்துக்கிட்டு வர்றாங்க. என்னைத்தான் தேடறாங்க. எந்திரிங்க, அந்தப் பக்கம் போங்க.

– வரட்டுமே. தினமும் வீட்டுல டீச்சர் புராணம்தானே கேக்கறேன். ஒரு வணக்கம் வச்சுடறேன்.

– வைக்க முடியாது.

– ஏன்?

– நீங்க செத்துட்டீங்க.

– என்னது?

– கத்தாதீங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க செத்து ஆறு வருஷம் ஆச்சு.

– காலையில என் சட்டைக்குப் பட்டன் தச்சியே! செத்தவனுக்கு எதுக்குடி பட்டன்?

– சொந்தமா வச்சிருந்த கடையை மூடிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம ஊரை விட்டுப் போனீங்களே, அந்த வருஷம்.

– அந்தப் பேச்சை நாம எடுக்கறதில்லையே.

– நீங்க எடுக்கல. சரின்னு நானும் எடுக்கல. அது அப்படியே கிடக்கு. அப்போ ரயில்ல அழுதுக்கிட்டே போனேன். என்னாச்சுன்னு டீச்சர் கேட்டாங்க. ஓடிட்டாருன்னு சொன்னா ஏன், எங்க, யார்கூடன்னு கேப்பாங்க. செத்துட்டாருன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

– நான் திரும்பி வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே?

– என்னன்னு சொல்ல? எழுந்து வந்துட்டாருன்னா? அதுக்குள்ள அந்தப் பெட்டியே உங்களுக்காக அழுது முடிச்சிருந்துச்சு. ஜன்னல் சீட்டை எனக்குன்னே விட்டாங்க. டிபன் பாக்ஸைத் திறந்து, ஊட்டாத குறையா சாப்பிட வச்சாங்க. நான் சாப்பிட்டேனான்னு கேக்க அப்போ எனக்கு வேற யாரு இருந்தாங்க? அத்தனையும் பொய்னு தெரிஞ்சா இனிமே என் மூஞ்சியைப் பாப்பாங்களா?

– ஓஹோ! அதான் தினமும் ஸ்டேஷன் படிக்கட்டுல 'நீங்க அப்புறமா வாங்க'ன்னு முன்னாடி ஓடுவியா? நான் உன் நடையே வேகம்னு நினைச்சேன்.

– இன்னும் ரெண்டே பெட்டிதான். போங்களேன்!

– இரு. நான் எப்படிச் செத்தேன்? அதையாவது சொல்லு.

– ஏரியில விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாத்தக் குதிச்சீங்க.

– எனக்கு நீச்சலே தெரியாதேடி!

– அதனாலதான் செத்தீங்க.

– குழந்தை?

– பொழைச்சுடுச்சு.

– பரவாயில்ல. உயிரோட இருந்து உருப்படியா எதுவும் பண்ணல, செத்தாவது ஒண்ணு பண்ணியிருக்கேன்.

– விளையாடாதீங்க. பையை எடுத்துக்கிட்டு எந்திரிங்க.

– சரி, சரி, போறேன். பழைய வண்டியா இருந்தா ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே குதிச்சிருப்பேன், இதுல கதவு விட மாட்டேங்குது. அந்தக் கோடிக்கே போயிடறேன். ஓடறது எனக்குப் பழகின வேலைதானே. ஒண்ணு மட்டும் சொல்லு. நான் திரும்பி வந்தது உனக்கு…

– உக்காருங்க! பாத்துட்டாங்க. இப்ப எந்திரிச்சா சந்தேகம் வரும். நீங்க யாரோ, நான் யாரோ.

– அடிப் பாவி, இங்கயா இருக்கே! வண்டி முழுக்க அளந்துட்டேன். சுவரை எடுக்கறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டானா எவனாவது? நர்ஸம்மா ஒரு கோடி, பேங்க் மேடம் ஒரு கோடி. நகரு, நடுவுல உக்காந்துக்கறேன். ஏய், இரு. சார், நீங்க பச்சைப் பைதானே?

– பையா? ஆமாங்க, பச்சைதாங்க.

– டீச்சர், அவரை விடுங்க, பாவம், அவர் யாரோ…

– வாயை மூடு. நான் பேசறப்ப குறுக்கே பேசாதே. சார், பக்கத்துப் பெட்டி வாசல்ல பச்சைப் பையோட தொங்கிக்கிட்டு வருவீங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி, எங்க ஜன்னலை எட்டிப் பாத்துட்டு, ஓடிப் போய் ஏறுவீங்க. வருஷக்கணக்கா! போலீஸ்ல சொல்லலாம்னுதான் முதல்ல பேசிக்கிட்டோம். அப்புறம்தான் நர்ஸம்மா கண்டுபிடிச்சா. மத்த யாரையும் பாக்கல, ஜன்னலோரம் தூங்கற இவளை மட்டும்தான் பாக்கறார்னு.

– என்னையா? எனக்குத் தெரியவே தெரியாதே!

– நாள் முழுக்க ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டே துணி மடிக்கிறவ, உக்காந்த உடனே தூங்கிடுவே. உனக்கு எங்க தெரியும்? சார், முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. எதுக்குப் பாக்கறீங்க?

– சொன்னா சிரிப்பீங்க.

– நான் சிரிச்சு எங்க ஸ்கூல்ல யாரும் பாத்ததில்ல.

– பயம்ங்க.

– என்ன பயம்?

– நடுவுல ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல இறங்கி, யார்கிட்டயும் சொல்லாம எங்கயாவது போயிடுவாங்களோன்னு. அப்படிப் போறது எவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியும். அதான், ஆள் இருக்காங்களான்னு பாத்துப் பாத்து ஏறுவேன்.

– கேட்டியாடி? இந்த ஆளையா போலீஸ்ல குடுக்க இருந்தோம்! நீ ஏன் அழறே?

– ஏசிக் காத்து, டீச்சர். கண்ணு எரியுது.

– இந்தா பாரு, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. உன் வீட்டுக்காரர் தங்கமானவர், ஒத்துக்கறேன். அப்படி ஒரு மனுஷன் இனிமே பொறக்கப் போறதில்ல.

– அவ்வளவு நல்லவரா இருந்திருக்க மாட்டாருங்க.

– செத்தவரைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்? சும்மா இருங்க! ஆனா கண்ணு, எத்தனை நாளைக்கு நீ தனியா கிடப்பே? எங்க பெட்டியில எல்லாரும் எப்பவோ பேசி முடிச்சாச்சு. குறுக்கே சுவர் இருந்துச்சு, இவர்கிட்ட வந்து கேக்க முடியல. சார், உங்களுக்குக் குடும்பம் இருக்கா?

– இருக்குங்க. ஒரு தடவை நான்தான் அதை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனேன். அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் விருந்தாளியா, வீட்டு ஆளான்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கத் தைரியம் வரல.

– உண்மையைச் சொல்ற ஆளு. எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தம்மா மன்னிச்சாங்களா இல்லையான்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. இல்லைன்னு சொல்லிட்டா, இவளைக் கட்டிக்கிறீங்களா?

– ரெண்டுக்கும் இவங்கதாங்க பதில் சொல்லணும்.

– இவளா? ரெண்டுக்குமா? என்ன சார் உளர்றீங்க? அடுத்தது என் ஸ்டேஷன், இந்தக் கதவு யாருக்காகவும் நிக்காது. நீயாவது தெளிவாப் பேசுடி. இவரைக் கட்டிக்கிறியா, இல்லையா?

– கட்டிக்கிறேன் டீச்சர். ஆனா இந்தத் தடவையாவது, செத்தாலும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் சாகணும்னு அவர்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடுங்க.