ஆடி அமாவாசையன்று அலையடிக்காத இடத்தில் நடந்தது

என் பெயர் சோணையம்மாள். வயது 22. தந்தை பெயர் கருப்பு. சொந்த ஊர் எழுமலை. இப்போது மதுரையை அடுத்த பரவையில் அப்பாவுடன் குடியிருக்கிறேன். பி.எஸ்சி. புவியியல் முடித்து ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். சோழவந்தானைச் சேர்ந்த வேன் ஓட்டுநர் சங்கிலி மீது என் சித்தப்பா பேயாண்டி கொடுத்த புகார் குறித்து என்னை விசாரித்தபோது, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது.

என் அம்மா சின்னத்தாய் சென்ற ஆண்டு காலமானார். அவருக்குத் திதி கொடுப்பதற்காக இந்த 2003ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று நானும் அப்பாவும் எங்கள் தெருக்காரர்களோடு சங்கிலியின் வேனில் ராமேசுவரம் சென்றோம். அங்கே திதி கொடுத்து முடித்த பிறகு, கூட்டமில்லாத இடத்தில் குளிக்கலாம் என்று தனுஷ்கோடிச் சாலையில் சிறிது தூரம் சென்று தென்புறக் கடற்கரையில் இறங்கினோம். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் கடல்.

கரை நெடுக அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் உடையவில்லை. அங்கே தண்ணீர் சற்றுக் கலங்கலாக, சத்தமில்லாமல் கிடந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு என்னிடம், “இங்கன எறங்கு ஆத்தா. நம்ம கண்மாய்த் துறை மாதிரி அடங்கிக் கெடக்கு” என்றார். மற்றவர்கள் அலையில் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணியோடு அவர்கள் நடுவே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்ததால் நானும் அந்த இடத்தையே விரும்பி இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் கால் மணலை விட்டது. அதன் பிறகு கரை என்னைவிட்டு விலகிப்போவதைப் பார்த்தேன்.

“அம்புட்டுப் படிச்ச புள்ள, அந்த எடத்துல போயி ஏம்மா எறங்குன?” என்று விசாரணை அதிகாரி கேட்டார். அதற்கு என் பதில்: அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரையோரத்தில் நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே பள்ளமான இடைவெளி கிடைத்தால் தண்ணீரெல்லாம் அதன் வழியே ஆறுபோலத் திரும்பி ஓடும். பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று இழுப்பதால் கடல் மற்ற நாட்களைவிட ஏறும், மற்ற நாட்களைவிட இறங்கும். நாங்கள் போனது இறங்கும் நேரம். இறங்கும்போது அந்த ஓட்டம் இன்னும் வேகமாக இருக்கும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் புத்தகத்தில் இருந்தது மேலிருந்து பார்த்து வரைந்த படம். கரையில் நின்று பார்த்தபோது எனக்கும் அது கண்மாயாகத்தான் தெரிந்தது.

பரவைக்குக் குடிவந்த பிறகு வாய்க்காலில் நீச்சல் பழகியிருந்ததால் முதலில் கரையைப் பார்த்து நேராக நீந்தினேன். கை சோர்ந்ததே தவிர கரை நெருங்கவில்லை. அப்பா “ஆத்தா” என்று கத்திக்கொண்டு தண்ணீருக்கு ஓடிவந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அவர் சிறுவனாக இருந்தபோது எழுமலையில் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கிணற்றில் இறங்க விடமாட்டார்கள். அவர் முழங்கால் நனையும்போது சங்கிலி பின்னாலிருந்து பாய்ந்து அவர் வலது கையைப் பிடித்து மணலுக்கு இழுத்துப்போட்டார். அப்பா உதறி எழுந்தார். சங்கிலி மறுபடியும் இழுத்துப்போட்டு அவர் மேலேயே படுத்துக்கொண்டார். அப்பாவின் கால்கள் மணலை உதைப்பதை நான் தண்ணீரிலிருந்து பார்த்தேன். அடி எதுவும் விழவில்லை. அப்பாவின் வலது தோள்பட்டை மூட்டு அந்த இழுப்பில்தான் விலகியிருக்க வேண்டும்.

அப்பா வரமாட்டார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. நீந்துவதை நிறுத்தி மல்லாந்து மிதந்தேன். அந்த ஓட்டம் அகலமில்லாதது என்ற பாடம் அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. கரையை விட்டுவிட்டு, கரைக்குப் பக்கவாட்டாக, அலை உடையும் திசையைப் பார்த்து நீந்தினேன். கரையிலிருந்தவர்கள், “ஏ புள்ள, நேரா வா! கரை இங்கிட்டு இருக்கு, நீ எங்கிட்டுப் போற?” என்று கத்தினார்கள். எதிர்வீட்டு முனியாயி அக்கா, “பயத்துல அதுக்குப் புத்தி பெரண்டு போச்சுடி” என்று அழுதது எனக்குக் கேட்டது. அதன் பிறகு ஒரு அலை என்னைப் புரட்டியது, அடுத்த அலை கரைப்பக்கம் தள்ளியது, அதற்கடுத்து என் கால் மணலில் பட்டது. நான் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகே சங்கிலி அப்பா மேலிருந்து எழுந்தார். அவர் முன்கையில் அப்பா கடித்த இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

சித்தப்பா எங்களுடன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததால், செய்தி கேட்டு வந்த சித்தப்பா, வேனில் வந்தவர்கள் சொன்னதை வைத்து, “ஒத்தப் புள்ள கடலோட போகுது, பெத்தவன மல்லாத்திப் போட்டு ஏறிப் படுத்திருக்கான்யா” என்று புகார் கொடுத்துவிட்டார். சங்கிலி என் அப்பாவை அடித்தார் என்று புகாரில் இருப்பது உண்மையல்ல. என்னைக் காப்பாற்றப் போனவரைத் தடுத்தார் என்பது உண்மை. அவர் தடுக்காமல் இருந்திருந்தால் நான் அப்பாவை நோக்கி நேராக நீந்தியிருப்பேன், இன்று இங்கே வாக்குமூலம் கொடுக்க இருவருமே இருந்திருக்க மாட்டோம். சங்கிலிக்குக் கடலைப் பற்றி எதுவும் தெரியாது என்று அவரே சொன்னார். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது மட்டும் தெரியும் என்றார். அன்று கரையில் அழுகையில் அவருக்கு நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. அதை இங்கே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரையும், பிடித்து வைத்திருக்கும் அவர் வேனையும் விட்டுவிட வேண்டுகிறேன்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் அப்பா தோளில் கட்டோடு ஆட்டோவில் வந்து நிலையத்தில் இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சங்கிலியின் கையைப் பார்த்துவிட்டு, “ஏன் மாப்ள, இம்புட்டு ஆழமாவா கடிச்சேன்?” என்று கேட்டார். “பல்லு இன்னும் நல்லாத்தான் இருக்கு மாமா” என்றார் சங்கிலி. அப்பா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். “இவன் எந்திரிக்கிற வரைக்கும் நானும் எந்திரிக்கமாட்டேன்” என்று அதிகாரியிடம் சொன்னார்.

மேலே எழுதியதை அப்பாவும் சங்கிலியும் கேட்க எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் அனுபவித்ததும் இதுவே. கூட்டியோ குறைத்தோ ஒன்றும் சொல்லவில்லை.

(ஒப்பம்) க. சோணையம்மாள்

சாட்சி: கருப்பு. வலது கை தூக்க முடியாததால் இடது பெருவிரல் ரேகை.