சவேத்தா அக்காவின் புதன்கிழமைக் கேள்வி

நம் சபையின் போதகர் கொர்னேல் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மூப்பர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி ஒவீதியு அவர்களே, மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து வேலையுடையோடு நேரே வந்திருக்கும் தோழியரே, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் சமாதானம் உண்டாவதாக!

நேற்று பித்தளை வாத்தியங்கள் முழங்க நாம் அடக்கம் செய்த சகோதரி சவேத்தா புர்கா யார்? முப்பது ஆண்டுகள் நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்தவர். பதினான்கு ஆண்டுகள் இந்தச் சபையின் சமையலறையில், புதன்தோறும் காலை பத்து மணிக்குப் பெண்களின் வேதவாசிப்பை நடத்தியவர். நடத்தினார் என்றா சொன்னேன்? அதட்டினார் என்பதே சரி!

அந்த வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு பகுதியை வாசிப்போம். அடுத்த புதன் அவர் காபியை ஊற்றிக்கொண்டே கேட்பார்: "சரி, எங்க பாத்த?" அந்த வாரம், உன் வீட்டில், உன் கண்ணால், அந்த வசனத்தை எங்கே பார்த்தாய்? பிரசங்கத்தில் கேட்டது செல்லாது. புத்தகத்தில் படித்தது செல்லவே செல்லாது. நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள். நான் சேர்ந்த முதல் புதனன்று எபிரேயக் கவிதையின் அமைப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அக்கா இடைமறித்தார்:

"தாமாரிஸ், உன் வீட்ல இந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்டி. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தத அவங்க எழுதி வச்சுட்டாங்க. உன்னுத யாரு எழுதுவா?"

ஆண்டவர் உயிர்த்தெழுந்த காலைப் பகுதியை வாசித்த வாரம் நினைவிருக்கிறதா, சகோதரிகளே? கல்லறையில் தலைத்துணி தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று வந்ததும், கரண்டியை மேசையில் தட்டி நிறுத்தினார். "இரு, இரு! சாவையே ஜெயிச்சுட்டுக் கெளம்புறவரு, துணிய ஒழுங்கு பண்ணி வச்சுட்டுப் போயிருக்காரு. எங்க வீட்டுக்காரர் ஒரு காலுறையக்கூட மடிச்சதில்ல. ஐயோ, இது எனக்குன்னே எழுதுனது!" என்றார். சிரித்தார், அழுதார், மறுநாள் வேலைக்குப் போனார். அதன்பின் ஒவ்வொரு விரிப்பையும் மடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பது போல இருந்தது என்றார்.

பக்கத்தில் ஒருவர்! சபையோரே, அதற்காக நான் எவ்வளவு ஏங்கினேன்! என் கணவர் இத்தாலியில் லாரி ஓட்டுகிறார். நானும் இரண்டு வயது இயேமிமாவும் மட்டும்தான் வீட்டில். அவள் இருமினால் விடியும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். வாசிப்பேன், எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும். எல்லோரும் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை.

அதனால்தான் ஒரு பொய் சொன்னேன்.

அக்காவைப் புகழ வந்த இடத்தில் இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாயில்லை. பிப்ரவரியில் இயேமிமாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். அடுத்த புதனன்று, கண்ணுறங்காமல் காக்கிற தேவனைப் பற்றிய சங்கீதத்தை அவள் கட்டிலருகே வாசித்தேன் என்றும், அந்த வசனம் வந்ததும் பிள்ளைக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது என்றும் சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். சகோதரி மெலானியா அதை ஞாயிறு ஆராதனையில் சாட்சியாகச் சொன்னார். நீங்கள் அனைவரும் ஆமென் என்றீர்கள். நான் ஒரு வரியும் வாசிக்கவில்லை. மருந்து கொடுத்தேன், பயந்தேன், அவ்வளவுதான்.

மே மாதம் நம் புதன் வட்டத்து அனிஷோரா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அவள் மகனுக்குக் காய்ச்சல். "அக்கா, நீங்க எப்படிப் படிச்சீங்க? சத்தமாவா, மனசுக்குள்ளயா? பதினேழு தடவ படிச்சுட்டேன், எறங்கல. எங்கிட்ட என்ன கொறை?" என்றாள். "மருத்துவமனைக்குப் போ" என்றேன். அதை மட்டும் சொன்னேன். பிள்ளை பிழைத்தான், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அதன்பின் அனிஷோரா புதன்கிழமைகளில் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செப்டம்பரில், ஒரதேயா நகர மருத்துவமனையில் நோய்ப்படுக்கையில் இருந்தபடி, வட்டத்தை நான் ஏற்று நடத்த வேண்டும் என்று அக்கா கேட்டார். முடியாது என்று சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படிக்கா?"

"உன் புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப சூப் கொண்டாந்தேன்ல. உன் பைபிள் மேல மூணு பால் புட்டி நின்னுச்சு. படிக்கிற பைபிள் மேல புட்டி நிக்குமாடி?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீயா வருவேன்னு பாத்தேன். ஏழு மாசம்! படிச்சவளுக்கு இவ்ளோ நேரமா?" பிறகு முகம் மாறிவிட்டது. "என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. எனக்கே இப்ப ஒண்ணும் தெரியல, தாமாரிஸ். வலிதான் தெரியுது. மூணு நாளாத் தூக்கமில்ல. அந்தச் சங்கீதத்தையே படி. கேக்குறேன்."

வாசித்தேன். அந்தச் சங்கீதத்தை ஒருவருக்காக நான் வாசித்தது அதுவே முதல் முறை. உறங்காதவரைப் பற்றி நான் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே அவர் உறங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. செவிலியர் ஊசி போட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது ஊசியா, வசனமா? எனக்குத் தெரியாது. ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை. புத்தகத்தை மூடவும் மனம் வரவில்லை. இவ்வளவுதான் நான் பார்த்தது.

சகோதரி மெலானியா, உங்கள் வாயில் பொய்யை வைத்தவள் நான்; மன்னியுங்கள். சபையோரே, மன்னியுங்கள்.

அக்காவின் பணி நிற்காது. புதன் காலை பத்து மணிக்குச் சமையலறை திறந்திருக்கும். காபி இருக்கும், அவருடைய கேள்வி இருக்கும். "ஒண்ணும் பாக்கல" என்ற பதிலும் இருக்கும். கணவர் தெயோடோசியே இறந்த குளிர்காலத்தில் அக்காவே பதினொரு புதன்கள் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோருக்கும் ரொட்டி வெட்டிக் கொடுத்தார். அந்தத் துணிச்சல் எனக்கு அன்று இல்லை. இனி உண்டாக வேண்டும் என்று ஜெபியுங்கள்.

அனிஷோரா, கதவருகே நிற்கிறாய், தெரிகிறது. உன் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. பதினேழு தடவையும் நீ நிஜமாக வாசித்தாய். நான் சொல்வதை இனி நீ நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் புதன்கிழமை வா. மகனையும் தூக்கிக்கொண்டு வா. நீ பார்த்ததைச் சொல், பார்க்காததைச் சொல், ஒன்றும் சொல்லாமலும் இரு. நீ வந்து உட்காரும்வரை நாங்கள் வாசிக்கத் தொடங்க மாட்டோம்.