புனித பெரக்ரின் பதக்கம்

ஐந்து சென்ட் காசுகளைச் சுருட்டிய காகிதச் சுருளைப் பிரிப்பதற்குச் சமையலறை மேசையைவிட நல்ல இடம் கிடையாது. மேலே ஒரு பழைய கம்பளித் துண்டை விரித்துவிட்டால் காசு உருண்டு ஓடாது. பக்கத்தில் காபியும் கசகசா வைத்த இரண்டு கொலாச்சி ரொட்டியும் இருந்தால் மதியம் போவதே தெரியாது. நீங்கள் என்னிடம் கேட்பது லவெர்னின் சாவைப் பற்றி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மேசையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் நார்பெர்ட் ஹ்ருஸ்கா. இந்தக் கீவானி ஊரில் முப்பத்தொரு வருடம் சோடா இயந்திரங்களைப் பழுதுபார்த்தேன். அந்த இயந்திரங்களில் விழுந்த காசை எண்ணிக் காகிதத்தில் சுருட்டி, இரண்டு முனையையும் மடித்து அழுத்துவதும் என் வேலைதான். ஓய்வு பெற்றபோது அந்த அழுத்துக்கருவியை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார்.

லவெர்ன் யாகுபெக் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். கணவனை இழந்தவள், அறுபத்தாறு வயது, சிரிக்க ஆரம்பித்தால் விக்கல் வந்துவிடும். தேவாலயத்தில் பூயா என்ற கறிக்குழம்பு விருந்துக்காகப் பெரிய அண்டாவை நானும் அவளும் கிளறிக்கொண்டிருந்தபோது என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொன்னேன். வங்கியில் ஒரு பெட்டி காசுச் சுருள் வாங்குவது, பிரித்துப் பழைய காசு தேடுவது, மீதியைத் திருப்பிக் கட்டுவது. "இதுக்குப் பேரு பொழுதுபோக்கா? வேலைவெட்டி இல்லாதவன் பண்றது" என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு என் வாசலில் நின்றாள்.

முதல் நாளே அவளுக்கு அடித்தது யோகம். மூன்றாவது சுருளில், காசுகளுக்கு நடுவே, ஒரு சாராயக்கடை டோக்கன். கடையின் பெயரும் 'ஒரு பீருக்குச் செல்லும்' என்ற எழுத்தும் தேயாமல் இருந்தன. அந்தக் கடை இன்றும் ஆல்கோமாவில் இருக்கிறது. உடனே போக வேண்டும் என்று என் கோட்டை எடுத்து என் தலைமேல் போட்டாள். பன்னிரண்டு மைல் போனோம். கடைக்காரன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பீர் ஊற்றி வைத்தான். டோக்கனையும் திருப்பிக் கொடுத்தான். லவெர்ன் மேலுதடெல்லாம் நுரையோடு சொன்னாள்: "பாத்தியா நார்ப், அம்பது வருஷம் ஆனாலும் குடுத்த வாக்கக் காப்பாத்துறான். நீயும்தான் இருக்கியே, என் புல்வெட்டியப் பழுது பாத்துத் தரேன்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு." கடையே சிரித்தது. திரும்பி வரும் வழி முழுக்க அவளுக்கு விக்கல்.

அதற்குப் பிறகு ஒரு கார் கழுவும் டோக்கன் வந்தது. மில்வாக்கி பஸ் டோக்கன் ஒன்று வந்தது. ஒரு நாள் வளையம் தேய்ந்து போன புனித கிறிஸ்தோபர் பதக்கம் வந்தது. ஐந்து சென்ட் காசின் அதே அளவு. லவெர்ன் அதை நெற்றியில் ஒட்ட வைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றி போல்கா நடனம் ஆடினாள். அது கீழே விழும்வரை ஆடுவது என்று எங்களுக்குள் ஒரு விதியும் உண்டாயிற்று. நானும் ஆடினேன். எனக்கு எழுபது வயது, அதற்குமுன் நான் ஆடியதே இல்லை.

பிறகு ஆறு வாரம் ஒன்றுமே வரவில்லை. ஆறாவது வாரம் அவள் மூன்று மணிக்கே கோட்டைப் போட்டுக்கொண்டாள். அடுத்த செவ்வாய் மகளோடு பேச வேண்டும், வர முடியுமோ என்னவோ என்றாள்.

அடுத்த திங்களன்று நான் ஒரு சுருளின் முனையை மெதுவாகப் பிரித்தேன். ஒரு காசை எடுத்துவிட்டு, என்னிடம் இருந்த பழைய பால்பண்ணை டோக்கனை வைத்து, கருவியால் திரும்ப அழுத்தினேன். வங்கியில் இருந்து வந்ததுபோலவே இருந்தது. அவள் பக்கத்துக் குவியலில் சேர்த்தேன். அவ்வளவுதான். யாருடைய பிறந்தநாளுக்காவது பரிசை ஒளித்து வைத்திருக்கிறீர்களா? அந்த மாதிரிதான். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

டோக்கன்களைவிடப் புனிதர்கள்தான் அவளை அதிகம் ஆட வைத்தார்கள் என்று சீக்கிரமே கண்டுகொண்டேன். கிரீன் பேயில் ஒரு தேவாலயப் பொருள் கடை இருக்கிறது. அங்கே வாங்கி, வளையத்தை அரத்தால் ராவி, மணலில் போட்டுக் குலுக்கி, அவித்த முட்டையோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தால் இரண்டு நாளில் ஐம்பது வருடப் பழசாகிவிடும். இதையெல்லாம் நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். தொலைந்ததைத் தேடித் தரும் புனித அந்தோனியார் வந்த வாரம் அவளுடைய கணவனின் மோதிரம் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் கிடைத்தது. உழவர்களின் புனிதரான இசிதோர் வந்த வருடம் அவள் தக்காளிக் கொடி காய் தாங்காமல் சாய்ந்தது. "மேல இருக்கிறவங்களுக்கு என் விலாசம் தெரிஞ்சிடுச்சு நார்ப்" என்றாள். மோதிரத்துக்கும் தக்காளிக்கும் நான் பொறுப்பில்லை. அது அவர்களே செய்தது.

செப்டம்பரில் அவள் மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். சின்னது. சீக்கிரம் பார்த்துவிட்டோம், பத்தில் ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள் என்று மருத்துவர் சொன்னாராம். மில்வாக்கியில் மகள் ஜனெல் வீட்டில் ஐந்து மாதம் தங்கி வைத்தியம் செய்ய வேண்டும். லவெர்ன் அதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள், சுருளைப் பிரித்துக்கொண்டே. பயந்த மாதிரி தெரியவில்லை. ஐந்து மாதம் என்றால் இருபத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

புற்றுநோய்க்காரர்களுக்கு ஒரு புனிதர் இருக்கிறார், பெரக்ரின். புற்றுப்புண் வந்த தன் காலை வெட்டி எடுப்பதற்கு முந்தின நாள் அவர் வேண்டிக்கொண்டாராம், விடிந்தபோது புண்ணைக் காணோமாம். அவளைத் தைரியப்படுத்தத்தான் வைத்தேன். வேறு எண்ணம் இருந்திருந்தால் இப்போது சொல்லிவிடுவேன்.

பதக்கம் வெளியே வந்தபோது அவள் ஆடவில்லை. கையில் மூடி வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் இல்லையாம் நார்ப். மேலேர்ந்து சொல்லி அனுப்பிட்டாங்க" என்றாள். அதன்பிறகுதான் சிரித்தாள், விக்கல் வந்தது, நான் தண்ணீர் கொடுத்தேன், அது மூக்கில் ஏறி இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தோம். அன்று மாலையே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, வைத்தியத்துக்குக் குறித்த தேதியை ரத்து செய்தாள்.

ஜனெல் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் அழுதாள், கெஞ்சினாள். கடைசியில் என்னிடம் வந்து, "அம்மா உங்க பேச்சக் கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் அங்கிள்" என்றாள். சொல்கிறேன் என்றேன். நல்ல பெண். அந்த வாரம் லவெர்ன் கொஞ்சம் அசைந்துகொடுத்தாள், பெட்டிகூடக் கட்டிவிட்டாள். செவ்வாயன்று சுருளில் புனித ஆகத்தம்மாள் வந்தாள். மார்பு நோய்களுக்கு அவள்தான். லவெர்ன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் அவள் பெரக்ரினை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வலது கையைத் தூக்க முடியாமல் போயிருந்தது. ஏரியில் பனி உடையும் சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"வளையம் இருந்த எடத்துல அரம் போட்ட கோடு தெரியுது நார்ப். நீயா வெச்ச?"

நான் அடுத்த சுருளை எடுத்துப் பிரித்தேன்.

"நீதான்னா சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா. என்னச் சிரிக்க வெக்கத்தான் செஞ்சேன்னு எனக்குத் தெரியாதா? சொல்லிட்டீன்னா நாளைக்கே ஜனெல் வீட்டுக்குப் போயிடறேன். இன்னும் நேரம் இருக்குங்கறாங்க."

நீங்கள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்த முகம்.

"இல்ல லவெர்ன்" என்றேன். "அதுவா வந்துச்சு."

அவள் மூச்சை விட்டாள். பிறகு இடது கையால் பதக்கத்தை நெற்றியில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினாள். நான் எழுந்து அவளுக்கும் சேர்த்து ஆடினேன். அடுப்பைச் சுற்றி மூன்று முறை. அவள் கையைத் தட்ட முடியாமல் காலால் தாளம் போட்டாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மதியம் ஒன்று இருந்ததாக நினைவில்லை.

நவம்பரில் இறந்துபோனாள். கடைசி மூன்று வாரம் அவளால் என் வீட்டுக்கு வர முடியவில்லை, அதனால் சுருள்களை நான் அவள் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். நானே பிரித்துக் காட்டினேன். கண்ணாலேயே சிரித்தாள்.

அடக்கம் முடிந்தபின் ஜனெல் அந்தப் பதக்கங்களைக் கிரீன் பே கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள், சட்டம் போட்டு மாட்டுவதற்காக. கடைக்காரர் பார்த்ததும், இவை எல்லாம் தான் விற்றவை, ஒரு வயதானவர் மாதாமாதம் வந்து வாங்குவார் என்று சொல்லியிருக்கிறார். அவள் போலீசில் புகார் கொடுத்தாள், அப்படித்தான் நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள்.

ஒளிக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் வைத்தது நான்தான். பெரக்ரினை வைத்தபோது அவள் வைத்தியத்துக்குப் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆகத்தம்மாளை வைத்தபோது நன்றாகவே தெரியும். பிப்ரவரியில் அவள் கேட்டபோது ஒரே ஒரு வார்த்தையில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதும் தெரியும். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் பால்பண்ணை டோக்கனிலிருந்து கடைசிவரை, ஒரு செவ்வாய்க்கிழமைகூட லவெர்ன் வெறுங்கையோடு இருந்ததில்லை. அதை இரண்டு முறை சொல்லிவிட்டேன், நீங்கள் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை.